தம்பிக்கு பியூப்ரனார்ஃபின் மாத்திரையைத் தொடங்கலாமா? எங்கே, எப்படித் தடையின்றிப் பெறுவது?

கேள்வி: தென்கரை அக்கா

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் சிறு நகரத்தில் வசிக்கிறோம். என் தம்பிக்கு 24 வயது. நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நண்பர்கள் வழியாக வந்து, இப்போது அது இல்லாமல் காலையில் படுக்கையை விட்டு எழக்கூட முடியாத நிலையில் இருக்கிறான். இரண்டு முறை தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்த்தோம். ஒவ்வொரு முறையும் உடல் தேறித் திரும்பி வந்தான். சில வாரங்களுக்குள் பழைய இடத்துக்கே போய்விட்டான். இரண்டாம் முறை திரும்பியபின் ஓர் இரவு மூச்சுத் திணறி, உதடு நீலமாகி, 108-ஐ அழைத்துத்தான் காப்பாற்றினோம்.

இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டியிருக்கிறோம். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் பியூப்ரனார்ஃபின் மாத்திரையைத் தொடங்கலாம் என்றும், அதை மாதக்கணக்கில், தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். அதுவும் ஓபியாய்டு (அபின், ஹெராயின் போன்ற மருந்துகளின் குடும்பம்) வகைதான் என்று கேட்ட நாள் முதல், "ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்கு மாற்றுவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அப்பா மறுக்கிறார். தம்பி தயாராக இருக்கிறான். முடிவெடுக்க முடியாமல் நிற்பது நாங்கள்தான்.

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. எங்கள் ஊர் மருந்துக் கடைகள் எதிலும் இந்த மாத்திரை இல்லை. மருத்துவமனைக்குப் பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். தொடக்கத்தில் அடிக்கடி வர வேண்டும் என்கிறார்கள். ஆலையில் அத்தனை விடுப்பு கிடைக்காது; காரணத்தைச் சொன்னால் வேலையே போய்விடும். மருத்துவமனையில் பெயரைப் பதிந்தால் காவல்துறைக்குத் தகவல் போகுமோ என்ற பயமும் வீட்டில் இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: மனநல மருத்துவர், அரசுப் பணி

சகோதரி, முதலில் உங்கள் அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அது நியாயமான கேள்வி. என் வகுப்பில் மருத்துவ மாணவர்களும் அதையே கேட்கிறார்கள்.

ஊசியில் ஏறும் மருந்து சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கும்போது உடல்வலி, வயிற்றுப்போக்கு, கொட்டாவி, மயிர்க்கூச்சு, தாங்க முடியாத அமைதியின்மை எல்லாம் வரும். இதைத்தான் வித்ட்ராயல் என்கிறோம். அதைத் தணிக்க அடுத்த ஊசி தேவைப்படும். நாள் முழுவதும் இந்த ஏற்ற இறக்கத்திலேயே கழிவதுதான் நோய். பியூப்ரனார்ஃபின் மூளையில் அந்த மருந்துகள் ஒட்டும் அதே இடத்தில், அதாவது ஏற்பியில் போய் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அதைப் பாதியளவே தூண்டுகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூட்டிக் கொடுத்தாலும் அதன் விளைவு அதற்கேற்பக் கூடுவதில்லை என்பதால், அது மட்டும் உட்கொள்ளப்படும்போது மூச்சு நின்றுபோகும் அபாயம் மற்ற ஓபியாய்டுகளை விட மிகக் குறைவு. ஒரு நாளுக்கும் மேலாக வேலை செய்வதால் ஏற்ற இறக்கம் அடங்கிவிடுகிறது. சரியான அளவில் இருப்பவர் மயக்கத்தில் இருக்க மாட்டார். வேலைக்குப் போவார், வண்டி ஓட்டுவார், வீட்டுக்குப் பணம் கொடுப்பார். உடல் மருந்தைச் சார்ந்திருக்கிறது என்பது உண்மை. அந்தச் சார்பும், ஊசிக்காக வீட்டுப் பாத்திரத்தை விற்கும் நிலையும் ஒன்றல்ல.

அடுத்து, உங்கள் தம்பிக்கு இரண்டாம் முறை நேர்ந்ததைப் பற்றி. மையத்தில் சில மாதங்கள் மருந்தின்றி இருந்தபோது அவருடைய உடலின் தாங்குதிறன் இறங்கிவிட்டது. வெளியே வந்து பழைய அளவையே ஏற்றியிருப்பார். உடலிலிருந்து போதையை வெளியேற்றிவிட்டு மருந்து ஏதுமின்றி வீட்டுக்கு அனுப்புவதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். ஸ்வீடனில் நடந்து 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹெராயின் சார்புள்ள 40 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஓராண்டு முழுவதும் பியூப்ரனார்ஃபின்; மற்றதற்கு அதையே ஆறு நாளில் படிப்படியாகக் குறைத்துவிட்டு, மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஆலோசனையும் குழுச் சிகிச்சையும் இரு பிரிவுக்கும் சமமாகவே கொடுக்கப்பட்டன. ஓராண்டு முடிவில் முதல் பிரிவில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் நீடித்தார்கள். இரண்டாம் பிரிவில் ஒருவர்கூட நீடிக்கவில்லை. அந்த 20 பேரில் 4 பேர் இறந்துவிட்டார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்த கணக்கும் இதே திசையில்தான் இருக்கிறது: ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால், பியூப்ரனார்ஃபினில் இருப்போரில் ஏறத்தாழ 4 பேரும், அதை விட்டுவிட்டோரில் 9 அல்லது 10 பேரும் இறக்கிறார்கள். இதே சிகிச்சைக்குப் பயன்படும் இன்னொரு ஓபியாய்டான மெத்தடோனும் பியூப்ரனார்ஃபினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005 முதல் இருக்கின்றன.

எவ்வளவு காலம் என்பதற்கு என்னிடம் ஒரே எண் கிடையாது. ஓராண்டுக்குள் நிறுத்துவதை நான் ஊக்குவிப்பதில்லை. அதன்பின் வேலை, உறக்கம், நட்பு வட்டம் எல்லாம் நிலைபெற்று, தம்பியே விரும்பினால், மிக மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம். உறவினர் அவசரப்படுத்தி நிறுத்தியவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். சிலர் திரும்பி வராமலும் போகிறார்கள்.

எச்சரிக்கைகள் இரண்டு. முதல் மாத்திரையை வித்ட்ராயல் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்தபிறகே கொடுக்க வேண்டும்; கடைசி ஊசிக்குப்பின் பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரமாவது கழிய வேண்டும். உடலில் பழைய மருந்து இருக்கும்போதே கொடுத்தால், இது அதை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டுத் திடீரென்று கடுமையான வித்ட்ராயலை உண்டாக்கும். "இந்த மாத்திரை எனக்குச் சேரவில்லை" என்று முதல் நாளோடு ஓடிவிடுபவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். எனவே கடைசியாக எப்போது, என்ன எடுத்தான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவது, தூக்க மாத்திரை அல்லது மதுவுடன் இது சேர்ந்தால் மேலே சொன்ன பாதுகாப்பு போய்விடும்.

பதில் 2: காசிமேட்டுக்காரன்

அக்கா, நான் இந்த மாத்திரையில் பல ஆண்டுகளாக இருப்பவன். முன்பு பிரவுன் சுகர் (தரம் குறைந்த ஹெராயின்), பிறகு ஊசி. இப்போது இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை. திருமணமாகி மகள் பள்ளிக்குப் போகிறாள். மருத்துவர் ஐயா சொன்னவற்றில் என் அனுபவம் மாறுபடவில்லை. மாத்திரை போட்டால் "ஏறும்" என்று எண்ணுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பசிக்கும், தூக்கம் வரும், மனம் வேறு வேலையில் செல்லும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மலச்சிக்கலும் வியர்வையும் உண்டு.

கஷ்டம் மருந்தில் இல்லை, அதை வாங்கும் முறையில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் தினமும் மையத்துக்குப் போய், பணியாளர் பார்க்க நாக்கின் அடியில் வைத்து, அது முழுதும் கரையும் வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மையம் திறக்கும் நேரமும் பட்டறை திறக்கும் நேரமும் ஒன்று. முதலாளியிடம் சொல்லிக்கொள்ளப் பொய்கள் தீர்ந்துபோயின. ஊரில் சாவு விழுந்தாலும் இரவே திரும்பியாக வேண்டும். இதனால் மட்டுமே மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி ஊசிக்குப் போனவர்களை எனக்கு நேரடியாகத் தெரியும். 2020 ஊரடங்கின்போது எங்கள் கையில் பல நாளுக்கான மாத்திரையைக் கொடுத்தனுப்பினார்கள். அதுவரை "உங்களை நம்பிக் கொடுக்க முடியாது" என்றவர்கள் அன்று கொடுத்தார்கள். நாங்களும் அதை ஒழுங்காகவே சாப்பிட்டோம். அந்த நம்பிக்கையைத் தருவதற்கு ஒரு கொள்ளைநோய் வரவேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

ஆகவே தம்பியின் மருத்துவரிடம், அளவு நிலைபெற்றபின் வீட்டுக்கு மாத்திரை தருவார்களா, எத்தனை நாளுக்குத் தருவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாத்திரை கரைந்தபின் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பல் கெடும் என்று எனக்குத் தாமதமாகத்தான் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சை எதற்குப் போனாலும் இந்த மருந்தில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் தரும் வலி மருந்து சரியாக வேலை செய்யாது.

பதில் 3: ஆலோசகர் முத்துவேல்

நான் மது மற்றும் போதை மறுவாழ்வுத் துறையில் நீண்ட காலம் ஆலோசகராக இருப்பவன். முழுமையாக விடுதலையாகி, எந்த மருந்துமின்றி வாழ்பவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதையும் இங்கே பதிய வேண்டும். மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டு, ஏன் ஊசியைத் தேடிப் போனான் என்று யாரும் கேட்காமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை. மேலும், இதே பியூப்ரனார்ஃபின் ஊசி மருந்தாக 1990-களில் சென்னையில் எவ்வளவு தவறாகப் பயன்பட்டது என்பதை அன்று களத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைத்த அந்த ஊசிக்குப் பழகியவர்களிடையே எச்.ஐ.வி. பரவியதையும் பார்த்தோம். மாத்திரையை விற்றுவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கட்டுப்பாடுகள் வெறும் அதிகாரிகளின் பிடிவாதத்தால் வந்தவை என்று சொல்வது சரியாகாது.

பதில் 4: பினாங்குத் தமிழன்

முத்துவேல் ஐயா சொல்வது உண்மைதான்; அதற்கு எங்கள் பகுதியின் கதையையும் சேர்க்க விரும்புகிறேன். மலேசியாவில் 2000-களின் தொடக்கத்தில் தனியார் மருத்துவர்கள் பியூப்ரனார்ஃபினை எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். மேற்பார்வை போதவில்லை, மாத்திரையைக் கரைத்துத் தூக்க மருந்தோடு ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் பெருகினார்கள். சிங்கப்பூரிலும் அதே சிக்கல் வந்தபோது, 2006 ஆகஸ்டில் அவர்கள் அம்மருந்தைத் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். நேற்றுவரை மருத்துவர் தந்த மாத்திரையை வைத்திருந்தவர் மறுநாள் குற்றவாளி ஆனார். மலேசியா வேறு வழியில் போனது. ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்து கலந்த மாத்திரைக்கு மாறியது. நாக்கின் கீழ் வைத்தால் நலாக்சோன் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் கரைத்து ஊசியில் ஏற்றினால் வித்ட்ராயலைக் கிளப்பிவிடும். அத்துடன் 2005 முதல் மெத்தடோன் சிகிச்சையையும் தொடங்கி, அரசு சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்த எங்கள் உறவுக்கார அண்ணன் ஒருவர் அந்த மெத்தடோனில்தான் இன்றும் வேலை செய்து குடும்பம் நடத்துகிறார். ஒரே சிக்கலுக்கு இரண்டு நாடுகள் எடுத்த இரண்டு முடிவுகள் இவை. நான் எதன் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

பதில் 5: மனநல மருத்துவர், அரசுப் பணி

முத்துவேல் ஐயாவுக்கு: ஆலோசனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆலோசனைக்கு வரச் சம்மதித்தால்தான் மருந்து என்று நிபந்தனை போடுவதைத்தான் எதிர்க்கிறேன். மருந்து அவரை உயிரோடும் நிதானத்தோடும் வைத்திருந்தால், பேசுவதற்குப் பிறகும் நேரம் இருக்கும். மாத்திரை வெளியே விற்கப்படுவதும் நடக்கிறது. ஆனால் அதை வாங்குபவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் சிகிச்சையில் இடம் கிடைக்காமல் தன் வித்ட்ராயலைத் தானே அடக்கப் பார்ப்பவர். நேர்வழியைக் குறுக்கினால் பக்கவழிச் சந்தை பெரிதாகும். பிரான்ஸ் 1995-இல் குடும்ப மருத்துவர்களே இதை எழுதலாம் என்று திறந்துவிட்டது. அங்கேயும் கொஞ்சம் தவறான பயன்பாடு வந்தது. ஆனால் அடுத்த நான்கு ஆண்டுகளில் ஹெராயின் அளவு மிகையானதால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன.

நம் நாட்டில் இந்தச் சிகிச்சை எச்.ஐ.வி. தடுப்பின் கிளையாகத்தான் விரிந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், 2007-க்குப் பிறகு, ஊசி வழிப் பயன்பாடு மிகுந்த வடகிழக்கு மாநிலங்கள், பஞ்சாப், பெருநகரங்கள் ஆகியவற்றை மனத்தில் வைத்து மையங்கள் அமைந்தன. நூற்பாலை ஊரில் வலி மாத்திரையைக் கரைத்துப் போடும் இளைஞன் அந்த வரைபடத்தில் இல்லை. எய்ம்ஸ் போதை மீட்பு மையம் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, ஓபியாய்டால் தீங்கு அல்லது சார்பு நிலையில் இருப்போர் ஏறத்தாழ 77 லட்சம் என்கிறது. அந்த எண்ணிக்கைக்கு நம்மிடம் உள்ள இடங்கள் எந்த வகையிலும் ஈடாகாது. பஞ்சாப் 2017-இல் வெளிநோயாளி மையங்களைப் பரவலாகத் திறந்தது. நம் மாநிலத்தில் 2025-இல் அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டிருக்கின்றன. உங்கள் மாவட்டத்துக்கு அருகில் ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். பியூப்ரனார்ஃபின் தொடர்ந்து இருப்பில் உள்ளதா என்பதையும் அங்கேயே கேளுங்கள், ஏனெனில் பெயர்ப்பலகை இருக்கும் இடமெல்லாம் மருந்து இருக்கும் என்று கொள்ள முடியாது. தேசிய உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 இரண்டிலும் வழிகாட்டுவார்கள்.

சாதாரண மருந்துக் கடையில் இது கிடைக்காததற்குக் காரணம், போதை மீட்பு வசதியுள்ள மருத்துவமனைகள் வழியாகவே இதை வழங்க வேண்டும் என்ற நிபந்தனையும், பதிவேட்டுக் கணக்குக்குப் பயந்து பலர் வாங்கி வைக்கவே தயங்குவதும்தான். வேண்டாம் என்று அவர்கள் ஒதுங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். தணிக்கையின்போது ஒரு மாத்திரை குறைந்தாலும் கேள்வி அவர்களிடம்தான் வரும்.

பதில் 6: வழக்கறிஞர், மதுரை

சட்டப் பயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சிகிச்சைக்கு வந்தவரைப் பற்றி மருத்துவமனை காவல்துறைக்குத் தானாகத் தகவல் தரும் நடைமுறை கிடையாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே தகவல் ரகசியம் உங்கள் தம்பியின் உரிமை. போதைப்பொருள் தடுப்புச் சட்டமான 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளானவர், அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டுக்குத் தரப்பட்ட மாத்திரையோடு பயணம் செய்யும்போது சீட்டின் நகல் சட்டைப் பையில் இருக்கட்டும்.

மறுவாழ்வு மையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெறாத மையத்தில் யாரையும் சேர்க்காதீர்கள். சங்கிலியிட்டுக் கட்டுவதை அந்தச் சட்டம் முற்றாகத் தடைசெய்கிறது. தானே சம்மதித்துச் சேர்ந்தவர் கேட்டால் விடுவிக்க வேண்டும். பணம் கட்டியாயிற்று என்பதற்காக மூன்று மாதம் அடைத்து வைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

தென்கரை அக்கா

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் ஐயாவின் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த இரவு மூச்சுத் திணறியதற்குக் காரணம் அவன் திமிர் இல்லை, இறங்கிப்போன தாங்குதிறன் என்பது அவருக்குப் புதிய செய்தி. "ஆறு மாதம் பார்ப்போம்" என்கிறார். ஆறு மாதத்தைப் பற்றி இப்போதே சண்டை போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கலங்கரை மையம் எங்கள் மாவட்டத் தலைநகரில் இருக்கிறதா என்று விசாரிக்கிறேன். திங்கட்கிழமை தம்பியை அழைத்துப் போகிறோம். காலையில் வித்ட்ராயலோடு இரண்டு மணி நேரம் பேருந்தில் எப்படி வருவான் என்பதுதான் இப்போதைய கவலை.

பதில் 7: மனநல மருத்துவர், அரசுப் பணி

முதல் நாள் இரவே வந்து மருத்துவமனைக்கு அருகில் தங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், சில நாட்கள் உள்நோயாளியாகச் சேர்த்து அளவை நிலைப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். தூரத்திலிருந்து வருபவர்களுக்கு நான் அதையே விரும்புகிறேன். அந்த நாட்களுக்கான மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயரை விரிவாக எழுத வேண்டியதில்லை என்று மருத்துவரிடம் பேசலாம். ஆலைக்கு அது போதும். பழைய சிகிச்சைச் சீட்டுகள், ஆதார் நகல், அவர் இப்போது எடுக்கும் மாத்திரைகளின் காலி அட்டைகள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். அட்டையைப் பார்த்தால் அதில் என்ன மருந்து, எவ்வளவு அளவு என்பது தெரிந்துவிடும்.

ஊசி பகிர்ந்திருந்தால் அதே நாளில் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும், கூடவே ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைட்டிஸ் சி பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ் சி இருந்தால், 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இலவச மாத்திரையாலேயே பெரும்பாலும் முழுதாகக் குணமாகிவிடும். வழியில் வலி பொறுக்காமல் அவன் பழைய மாத்திரையைப் போட்டுவிட்டால் திட்டாமல், எத்தனை மணிக்குப் போட்டான் என்று குறித்து வந்து சொல்லுங்கள். முதல் அளவைச் சில மணி நேரம் தள்ளிக் கொடுப்போம், அவ்வளவுதான்.